மிச்சம் யார் பக்கம்?

தங்க வளையலின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பி, நகைக்கடைக்காரர் நீட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தால் மூன்று குறிகள் தெரியும். முக்கோண வடிவில் ஒரு முத்திரை, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறி, இவற்றோடு ‘22கே916’. முத்திரை இந்தியத் தர நிர்ணய அமைவனத்துடையது. கடைப்பேச்சில் ‘நைன் ஒன் சிக்ஸ்’ என்றாலே நம்பி வாங்கலாம் என்று பொருள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் இந்த எண்ணை அறியாதவர்கள் இல்லை. அதன் கடைசி இலக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

22 காரட் என்பது 24 பங்கில் 22 பங்கு தங்கம். ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டால் 916.666 என்று ஆறுகள் முடிவில்லாமல் நீளும். பள்ளிக்கூடத்தில் படித்த விதிப்படி இதை முழு எண்ணாக்கினால் 917 வரவேண்டும். 20 காரட்டுக்கு 833.33 வருகிறது, முத்திரை 833. 23 காரட்டுக்கு 958.33 வருகிறது, முத்திரை 958. இரண்டும் விதிக்கு உட்பட்டவை. ஆனால் 22 காரட்டில் 917 இருக்க வேண்டிய இடத்தில் 916 நிற்கிறது.

இது பிழை அல்ல. முத்திரையில் இருக்கும் எண் ஒரு வாக்குறுதி: ஆயிரம் பங்கில் குறைந்தது இத்தனை பங்கு தங்கம் உண்டு, அதற்குக் கீழே போகக்கூடாது. 917 என்று அடித்திருந்தால், சொன்ன சொல் தவறாமல் 24க்கு 22 பங்கு தங்கம் உருக்கிச் செய்த பத்தரின் நகை சோதனையில் தோற்றுப்போகும். அவருடைய நகையில் இருப்பது 916.67, அது 917ஐத் தொடாது. 916 என்று அடித்தால் தேறிவிடும். எனவே எண் கீழே இறக்கப்பட்டது. அப்படி இறக்கியதில் ஒரு பவுனுக்கு ஐந்து மில்லிகிராமுக்குச் சற்று மேல் தங்கம் குறைந்தாலும் முத்திரை செல்லும். அந்த ஐந்து மில்லிகிராம் மிச்சம் செய்பவர் பக்கம் போகிறது, வாங்குபவர் பக்கம் அல்ல.

‘பவுன்’ என்ற அளவே இப்படி வந்ததுதான். பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.98805 கிராம். நம் கடைகளில் ஒரு பவுன் என்றால் எட்டு கிராம். இடையில் இருக்கும் 12 மில்லிகிராமை யாரும் கவனிப்பதில்லை. விலையும் எட்டு கிராமுக்கு, எடையும் எட்டு கிராம் என்பதால் இங்கே யாருக்கும் நட்டமில்லை. நாணயத்தின் பெயர் மட்டும் ஒரு முழு எண்ணில் குடியேறிவிட்டது.

பாடநூலில் ‘முழுதாக்குதல்’, ‘தசம இடத்திருத்தம்’. கடையில் ‘ரவுண்டாப் போட்டுக்கலாம்’. பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’. பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றே: நீளமான எண் ஒன்றின் வால் வெட்டப்படுகிறது. வெட்டிய துண்டை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. முழுதாக்கும் விதிகள் எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தாம். அவற்றைக் கணக்கு வாத்தியாரின் விதிகளாக மட்டும் பார்த்துப் பழகியதால், அவற்றுக்குள் இருக்கும் நியாய உணர்வு கண்ணில் படாமல் போகிறது.

*

ஐந்துக்குக் கீழே என்றால் விட்டுவிடு, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்றைக் கூட்டு. எல்லோருக்கும் தெரிந்த விதி. நான்கு ஏன் இறங்குகிறது, ஆறு ஏன் ஏறுகிறது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. எது பக்கமோ அங்கே போகிறது. ஐந்து அப்படி அல்ல. 2.5 என்பது இரண்டுக்கும் மூன்றுக்கும் சரிநடுவில் நிற்கிறது. அதை மேலே தள்ளுவதற்கு எந்த அருகாமையும் காரணம் இல்லை.

ஆனாலும் ஒரு நல்ல காரணம் உண்டு. நீளமான எண்ணில் ஐந்துக்குப் பின்னால் இன்னும் இலக்கங்கள் இருக்கலாம். 2.5 என்று தொடங்கும் எண் உண்மையில் 2.5003 ஆகவோ 2.58 ஆகவோ இருந்தால் அது மூன்றுக்குத்தான் பக்கம். ஆகவே, ஐந்தைக் கண்டால் மேலே போ என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஒரே ஒரு இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்துவிடலாம். வால் எவ்வளவு நீளம் என்று ஆராய வேண்டாம். கையால் கணக்கெழுதிய காலத்தில் இது பெரிய வசதி. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் எளிது.

சிக்கல், ஐந்தோடு எண் முடிந்துவிடும்போது வருகிறது. பத்து பைசா இடைவெளியில் விலை வைக்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளலாம். பில்லின் கடைசி .10, .20, .30, .40 என்று வந்தால் வாடிக்கையாளருக்கு அந்தச் சில்லறை லாபம். .60, .70, .80, .90 என்று வந்தால் கடைக்கு முறையே 40, 30, 20, 10 பைசா லாபம். இவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. .00 வந்தால் யாருக்கும் எதுவும் இல்லை. மிஞ்சுவது .50 ஒன்றுதான். அது எப்போதும் கடைப்பக்கமே விழுகிறது. எல்லாக் கடைசி இலக்கங்களும் சம அளவில் வருவதாக வைத்துக்கொண்டால், ஒரு பில்லுக்குச் சராசரியாக ஐந்து பைசா. 10,000 பில்லுக்கு 500 ரூபாய். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. விதியின் சாய்வு மட்டுமே வேலை செய்கிறது.

இந்தச் சாய்வை நிமிர்த்த ஒரு வழி இருக்கிறது. சரிநடுவில் நிற்கும் எண்ணை ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் அனுப்ப வேண்டும். ஆனால் அதை ஆளின் விருப்பத்துக்கு விடக்கூடாது. அதற்காக, பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குப் போ என்று விதித்தார்கள். 2.5 இரண்டாகும், 3.5 நான்காகும். 0.5, 1.5, 2.5, 3.5 ஆகிய நான்கையும் கூட்டினால் 8. பள்ளி விதிப்படி முழுதாக்கிவிட்டுக் கூட்டினால் 1, 2, 3, 4 என்று 10 வரும். இரட்டை எண் விதிப்படி 0, 2, 2, 4 என்று 8 வரும். உண்மை மொத்தம் கெடவில்லை.

இதை ‘வங்கிக்காரர் முறை’ என்று ஆங்கிலத்தில் அழைக்கும் வழக்கம் உண்டு. இந்தியாவில் இதன் முகவரி வேறு. தர நிர்ணய அமைவனத்தின் ஆவணங்களுக்கு வரிசை எண் உண்டு. ஐ.எஸ். 1 தேசியக் கொடிக்கானது: கதர்த் துணி, நிறம், அளவு. அதற்கு அடுத்த எண்ணான ஐ.எஸ். 2, எண்களை முழுதாக்கும் விதிகளுக்கானது. விடுதலையை ஒட்டி உருவான ஒரு நிறுவனத்தின் பட்டியலில் கொடிக்குப் பக்கத்து இடம் இந்த விதிகளுக்குக் கிடைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல. சிமென்ட், கம்பி, குடிநீர் என எந்தப் பொருளின் தர ஆவணத்தை எடுத்தாலும் முன்னுரையில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: சோதனையில் கிடைத்த இறுதி மதிப்பை ஐ.எஸ். 2இன்படி முழுதாக்கிய பிறகே தேறியதா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால், ஒரே கம்பி ஓர் ஆய்வகத்தில் தேறும், இன்னொன்றில் தோற்கும். பல தலைமுறைப் பொறியாளர்களுக்குப் பழக்கமான அதன் 1960ஆம் ஆண்டுப் பதிப்பு, சரிநடு எண்களை இரட்டை எண்ணுக்கே அனுப்பச் சொல்கிறது.

கணினிகளும் பெரும்பாலும் உள்ளுக்குள் இதையே பின்பற்றுகின்றன. 1985இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 தரநிலை, இரட்டை எண் முறையை இயல்பான முறையாக வைத்தது. ஆனால் மேலே வரும் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. பைதான் மொழியின் இன்றைய பதிப்பில் 2.5ஐ முழுதாக்கச் சொன்னால் 2 என்கிறது. எக்செல் 3 என்கிறது. கழித்தல் குறி போட்டு –2.5 என்று கொடுத்தால் எக்செல் –3 என்றும், ஜாவாஸ்கிரிப்ட் –2 என்றும் சொல்கின்றன. ‘மேலே’ என்ற சொல்லை ஒன்று பூஜ்யத்திலிருந்து விலகுவது என்று எடுத்துக்கொள்கிறது, மற்றொன்று பெரிய எண்ணை நோக்கிப் போவது என்று. கணக்கு அலுவலகங்களில் இரண்டு தாள்களுக்கு இடையே ஒரு ரூபாய் ஒத்துவராமல் இரவு வரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

*

சட்டம் பொதுவாகப் பள்ளி விதியின் பக்கம்தான். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் 170ஆம் பிரிவு, வரி, வட்டி, அபராதம் போன்ற தொகைகளை ரூபாய்க்கு முழுதாக்கச் சொல்கிறது: 50 பைசாவோ அதற்கு மேலோ என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். யார் போட்டாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதே சட்டத்தின் முதல் கவலை.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இன்னும் நுட்பமாக யோசித்தது. அதன் 288ஏ பிரிவு, மொத்த வருமானத்தைப் பத்தின் மடங்காக மாற்றச் சொன்னது. முதலில் பைசாவை அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு கடைசி இலக்கம் ஐந்து அல்லது மேல் என்றால் அடுத்த பத்து, குறைவு என்றால் முந்தைய பத்து. வருமானம் 7,43,214 ரூபாய் 95 பைசா என்றால் பைசா போய் 7,43,214 ஆகி, 7,43,210இல் முடியும். பைசாவை வெட்டாமல், 95 பைசாதானே என்று ரூபாயாக்கியிருந்தால் 7,43,215 ஆகி, அடுத்த படியில் 7,43,220க்குத் தாவியிருக்கும். ஒரே எண், இரண்டு முறை முழுதாக்கியதால் பத்து ரூபாய் நகர்ந்துவிடும். பைசாவை முதலிலேயே வெட்டச் சொன்னவர்கள் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டார்கள். படிப்படியாக முழுதாக்கக் கூடாது, ஒரே படியில் முடிக்க வேண்டும் என்று ஐ.எஸ். 2 எச்சரிப்பதும் இதைத்தான்.

இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் முழுதாக்கலைப் பழகிய நாள் ஒன்று உண்டு: 1957 ஏப்ரல் 1. அன்றுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. அன்றிலிருந்து 100 நயா பைசா. ஓரணா 6.25 நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. பழைய காசும் புதிய காசும் ஒன்றாகப் புழங்கியதால் மாற்று அட்டவணை இல்லாமல் கடை நடத்த முடியாது. ஓரணாவுக்கு 6, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. சிக்கல் இரண்டணாவில். அதன் மதிப்பு 12.5, சரிநடு. நாணயச் சட்டம் அதற்கும் முன்கூட்டியே விடை வைத்திருந்தது: மேலேயும் கீழேயும் சம தூரம் என்றால் கீழே உள்ள காசுக்கு. ஆகவே இரண்டணா 12, ஆறணா 37, பத்தணா 62, பதினாலணா 87.

பள்ளி விதிக்கு நேர் எதிரான விதி இது. விலை இரண்டணா என்றிருந்த பொருளை வாங்குபவருக்கு அரை நயா பைசா மிச்சமாயிற்று. பழைய இரண்டணாக் காசைக் கொடுத்துப் புதுக் காசு வாங்கியவருக்கு அதே அரைப்பைசா போயிற்று. ஓரணாக் காசுகள் பதினாறை ஒவ்வொன்றாக மாற்றினால் 96 நயா பைசா, சேர்த்துக் கொடுத்தால் 100. எட்டு இரண்டணாவுக்கும் இதே கணக்குதான். இடையில் முழுதாக்கக் கூடாது, கடைசி மொத்தத்தில்தான் முழுதாக்க வேண்டும் என்ற பாடத்தை, பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட அந்த ஆண்டு காசு மாற்றும் வரிசையில் நின்று படித்திருக்க முடியும்.

அந்த நயா பைசாக்களும் இன்று இல்லை. 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை. 50 பைசா சட்டப்படி செல்லும்; கடையில் நீட்டினால் வாங்குபவரைத் தேட வேண்டும். சட்டப் புத்தகத்துக்கு முன்பே கடைவீதி முழுதாக்கிவிட்டது.

*

எல்லா எண்ணையும் பக்கத்து எண்ணுக்கு அனுப்பிவிட முடியாது. 101 பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போக 50 பேர் உட்காரும் பேருந்து எத்தனை வேண்டும்? கணக்கு 2.02 என்கிறது. விடை மூன்று. ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. குழந்தைக்குக் கொடுக்கக்கூடிய மருந்தின் உச்ச அளவைக் கணக்கிடும் மருத்துவர் எதிர்த்திசையில் போவார், கீழேதான் இறக்குவார். எந்தப் பக்கம் தவறினால் ஆபத்தோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய்வதே இங்கே விதி.

வயதைச் சொல்வதில் தமிழில் இரண்டு வழக்கங்கள் நெடுங்காலமாக உண்டு. ‘எத்தனை வயசு நடக்குது?’ என்று பாட்டி கேட்டால் பதில் மேல்நோக்கி முழுதாக்கியது: 29 முடிந்து ஏழு மாதமானவருக்கு முப்பது நடக்கிறது. அரசாங்கப் படிவம் கேட்பது முடிந்த வயது. அது கீழ்நோக்கி, 29. மூன்றாவதாக ஆயுள் காப்பீடு. அங்கே பல பாலிசிகளில் கணக்கு ‘அருகிலுள்ள பிறந்தநாள்’ வயது. ஆறு மாதம் தாண்டிவிட்டதால் 30. ஒரே ஆள், ஒரே நாள், மூன்று முறைகள். காப்பீட்டுக்காரருக்கு வேண்டியது கூட்டத்தின் சராசரி, அதனால் அவர் அருகில் இருப்பதை எடுக்கிறார். ஓட்டுரிமைக்கு வேண்டியது தாண்டப்பட்ட ஒரு கோடு, அதனால் அங்கே மேலே தூக்கிவிட முடியாது.

கோடு கிழித்த இடத்தில் முழுதாக்கல் எவ்வளவு கடுமையான விஷயமாகும் என்பதற்கு ஓர் இந்திய வழக்கு உண்டு. ஒடிசா நீதித்துறைப் பணித் தேர்வில் எழுத்துத் தேர்வில் தேறக் குறைந்தது 45 விழுக்காடு வேண்டும். ஒரு தேர்வர் வாங்கியது 44.93. உயர் நீதிமன்றம் அதை 45 என்று கொள்ளலாம் என்றது. 2011இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: விதி குறைந்தபட்சம் என்று சொல்லும்போது, முழுதாக்க அந்த விதியே இடம் தராதபோது, அந்தக் கோட்டை நீதிமன்றம் இறக்க முடியாது. மனசு அந்தத் தேர்வர் பக்கம் போவது இயல்பு. ஆனால் 44.93ஐ ஏற்றுக்கொண்டால் 44.5ஐயும் ஏற்க வேண்டும். பிறகு கோடு 45இல் இருக்காது, 44.5இல் இருக்கும், அங்கே 44.47 வாங்கிய இன்னொருவர் நிற்பார்.

ஜெர்மனியில் இதே கதை தேர்தலில் நடந்தது. 1992 ஏப்ரல் 5 அன்று ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தல். சட்டமன்றத்தில் நுழைய ஒரு கட்சிக்கு 5 விழுக்காடு வாக்கு வேண்டும். இரவு வெளியான முடிவில் பசுமைக் கட்சிக்கு 5.0 என்று இருந்தது. உள்ளே விட்டார்கள். பிறகுதான் உண்மை எண் 4.97 என்று தெரிந்தது. முடிவை அச்சிட்ட நிரல் ஒரே ஒரு தசம இடத்தைத்தான் காட்டியது, 4.97 தானாகவே 5.0 ஆகிவிட்டது. எண்களைத் திருத்தியபோது பசுமைக் கட்சி வெளியேறியது, சமூக ஜனநாயகக் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை கிடைத்தது.

பங்கு பிரிக்கும்போது வரும் தொல்லை இன்னொரு வகை. ஒவ்வொரு பங்கையும் தனித்தனியே முழுதாக்கினால் கூட்டுத்தொகை நூறு வராது. அரசு அட்டவணைகளின் அடியில் சிறிய எழுத்தில் இதற்கொரு குறிப்பு இருக்கும். விழுக்காட்டில் இது குறிப்போடு போய்விடும், நாற்காலிகளில் போகாது. அமெரிக்காவில் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்று பலவிதமாகப் போட்டுப் பார்த்த கணக்கெடுப்பு அலுவலகத் தலைமை எழுத்தர் சீட்டன் திகைக்கும்படியான ஒன்றைக் கண்டார். அவையில் மொத்தம் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு எட்டு. 300 இடம் என்றால் ஏழு. மொத்தம் கூடுகிறது, பங்கு குறைகிறது. மிச்சத்தின் அளவைப் பார்த்து இடம் கொடுக்கும் முறையின் விளைவு அது. அந்நாடு பல முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்து, 1941 முதல் வேறொரு முறையைப் பின்பற்றுகிறது. அதில் மேலே கீழே பிரிக்கும் கோடு சரிநடுவில் இருப்பதில்லை. இரண்டு முழு எண்களின் பெருக்குச் சராசரியில் இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் கோடு 1.5 அல்ல, சுமார் 1.414. மக்களாட்சியில் அரைக்குத் தனி அரசியல் உண்டு.

*

ஒருமுறை வெட்டினால் தெரியாது. ஒரு லட்சம் முறை வெட்டினால் தெரியும். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கியது. ஆரம்ப மதிப்பு 1000. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் எண்ணைப் புதுப்பிப்பார்கள். நாளுக்கு ஏறத்தாழ 3,000 முறை. மூன்று தசம இடத்துக்குப் பிறகு வருவதை நிரல் முழுதாக்கவில்லை, வெட்டியது. ஒரு வெட்டில் போவது சராசரியாகப் புள்ளியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் எப்போதும் ஒரே திசை. நாளுக்கு ஒரு புள்ளிக்கு மேல் கரைந்தது. சந்தையில் பங்கு விலைகள் நன்றாகவே இருக்க, குறியீட்டெண் மட்டும் இறங்கிக்கொண்டே போயிற்று. 1983 நவம்பரின் ஒரு வெள்ளிக்கிழமை அது 524.811இல் முடிந்தது. வார இறுதியில் சரியாகக் கணக்கிட்டு, திங்கட்கிழமை 1098.892இல் தொடங்கினார்கள்.

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு இதேபோன்ற வெட்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளம், வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். தளத்தின் கடிகாரம் விநாடியில் பத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து எண்ணியது. பத்தில் ஒன்று என்பது நமக்கு 0.1, அங்கேயே முடிந்துவிடுகிறது. இரண்டை அடியாகக் கொண்ட கணினிக்கு அது முடிவில்லாத எண், நமக்கு மூன்றில் ஒன்று போல. 24 பிட்டுகளில் அதை வெட்டி வைத்திருந்தார்கள். விட்ட துண்டு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. தளம் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்ததால் அந்தத் துண்டுகள் சேர்ந்து 0.34 விநாடியாகிவிட்டன. விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். தளம் வேறு இடத்தில் தேடியது.

எந்த எண் முடியும், எந்த எண் முடியாது என்பது எண்ணின் குணம் அல்ல, எழுதும் முறையின் குணம். பழந்தமிழ்ப் பின்னங்கள் முந்திரி என்ற 320இல் ஒரு பங்கை அடியாகக் கொண்டவை. காணி, மா, அரைக்கால், கால் எல்லாம் அதன் மடங்குகள். பேட்ரியட் கணினியைத் திணறடித்த பத்தில் ஒன்று அந்த முறையில் இருமா, துல்லியமாக முடிந்துவிடும். மூன்றில் ஒன்றுதான் அதில் முடியாது. 320ஐ மூன்றால் வகுக்க முடியாதே.

முந்திரிக்கும் கீழே ‘கீழ்’ என்று தொடங்கும் பின்ன வரிசை உண்டு. 320இல் ஒன்றை மறுபடி 320ஆகப் பகுப்பது. முதலாம் ராஜராஜன் (985–1014) காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவுகள் இந்தக் கீழ்ப் பின்னங்களோடு வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை போவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வேலியை ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்று கொண்டால் அது சதுர மில்லிமீட்டரில் பாதி. எந்த அளவுகோலும் அதை அளந்திருக்க முடியாது. ஊரின் மொத்த நிலத்திலிருந்து ஊரிருக்கை, குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து, இறை கட்ட வேண்டிய நிலத்தைக் கணக்கிட்டபோது மிஞ்சிய பின்னம் அது. கணக்கன் அதை வெட்டவில்லை. மிச்சத்தைக் கோயிலுக்கும் தள்ளவில்லை, குடிகளுக்கும் தள்ளவில்லை. கல்லில் அப்படியே எழுதச் சொன்னான். ‘இம்மி பிசகாமல்’ என்று இன்றும் சொல்கிறோம். இம்மியும் அந்த வரிசையில் வரும் ஒரு பின்னத்தின் பெயர்தான்.

அளக்க முடியாததை எழுதி வைப்பது துல்லியமா என்று இன்றைய அறிவியல் மாணவர் கேட்பார். நியாயமான கேள்வி. இலக்கங்கள் கூடக்கூட உண்மை கூடுவதில்லை. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பழைய தெர்மாமீட்டர் இதற்குச் சாட்சி. உடலின் இயல்பு வெப்பம் 98.6 டிகிரி பாரன்ஹீட் என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷ் 1868இல் வெளியிட்ட ஆய்வில் 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண்ணை வைத்தார். அதை பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. அந்தப் ‘புள்ளி ஆறு’ யாரும் அளந்ததல்ல, பெருக்கலில் பிறந்தது. 98.8ஐப் பார்த்துக் கலங்கும் தாய்மார்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தியப் பெரும் முக்கோண அளவீடு 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியது. அரை நூற்றாண்டில் இமயத்தை எட்டி, எவரெஸ்ட்டின் உயரத்தை 29,002 அடி என்று 1856இல் அறிவித்தது. கணக்கில் சரியாக 29,000 வந்ததாகவும், அப்படியே சொன்னால் குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் இரண்டு அடி சேர்த்ததாகவும் நெடுங்காலமாக ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ அல்லவோ, அதன் அச்சம் மெய். முழுதான எண்ணைக் கண்டால், அது உழைத்துப் பெற்றதா, தோராயமா என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். எந்த இடம்வரை தெரியும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

*

ஏழாம் எட்டாம் வகுப்புகளில் ‘ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றைக் கூட்டு’ என்று எழுதிப்போடும்போது, எங்காவது ஒரு பிள்ளை கைதூக்கும்: ஐந்து நடுவில்தானே சார் இருக்கு, அது ஏன் மேலே போகுது? அந்தக் கேள்விக்கு ‘விதி அப்படி’ என்று பதில் சொல்லி உட்கார வைத்துவிடக் கூடாது. ஒரே இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்யும் வசதிக்காக என்று சொல்லலாம். 1957இல் இதே நாட்டில் சரிநடு கீழே போயிற்று என்று சொல்லலாம். கம்பியைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இரட்டை எண்ணுக்குப் போகிறது என்றும், அம்மாவின் வளையலில் 916 ஏன் என்றும் சொல்லலாம். பிள்ளைக்குக் கணக்கும் வரும், நியாயமும் வரும்.

ஒரு பயிற்சியும் தரலாம். ஒரு மாதத்து மளிகை பில்களை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, அடியில் இருக்கும் ‘ரவுண்ட் ஆஃப்’ வரியை மட்டும் கூட்டச் சொல்ல வேண்டும். கூட்டல் குறிகளும் கழித்தல் குறிகளும் கலந்து வந்து, மொத்தம் ஓரிரு ரூபாய்க்குள் நின்றால் கடை விதிப்படி நடக்கிறது. எல்லா வரியிலும் கூட்டல் குறி மட்டுமே இருந்தால், அடுத்த முறை சாமான் வாங்கப் போகும்போது அந்தத் தாள்களை எடுத்துப் போய்க் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.